ஒரு நாள் ஜூனியர்

சம்பத்குமார் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்ததும் அவனுடைய அப்பா ராமானுஜம் கேட்ட முதல் கேள்வி, மேகத்துக்கு மேலே போய்விட்டால் சந்தியாவந்தனத்துக்குக் கிழக்கு எது என்று எப்படித் தெரியும் என்பதுதான்.

"காம்பஸ் இருக்குப்பா."

"அது சரி. பூமியை விட்டுக் கிளம்பினப்புறம் தீட்டு உண்டா, இல்லையா?"

இதற்கு மீனம்பாக்கம் ஃபிளையிங் கிளப்பில் ஒருவரிடமும் பதில் இல்லை. சம்பத் கேட்டும் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் அவன். திருவள்ளூரிலிருந்து தினம் ரயிலேறி, செவ்வாப்பேட்டையில் ஏறுகிற கூட்டத்தின் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டு மெட்ராஸ் போய் பி.எஸ்ஸி. படித்தான். அங்கே என்.சி.சி.யில் விமானப் பிரிவு இருந்தது. காக்கி நிக்கரும் ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவும் இலவசம் என்று சேர்ந்தவன், கிளைடரில் ஒரு தடவை ஏறி இறங்கியதும் வேறு எதற்கும் லாயக்கில்லாதவன் ஆனான். அரசாங்க உதவித்தொகையில் லைசென்ஸும் வாங்கினான்.

அப்பாவின் உலகம் வேறு. அது பெருமாள் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டி. சேவித்து முடிந்ததும் தீர்த்தம், சடாரி, துளசி என்று வரிசையாகத் தருவார்கள். அந்த வரிசையில் ராமானுஜம் மூன்றாமவர். அவருடைய அப்பாவும் மூன்றாமவர்தான், தாத்தாவும் அப்படியே. நான்காமவர் ராமபத்ரன், சின்ன வயதில் ராமானுஜத்தோடு ஒன்றாகக் கோலி ஆடியவர். இப்போது முப்பது வருஷமாக இருவரும் பேசுவதில்லை. ராமானுஜத்துக்கு ஒருமுறை கடும் ஜுரம் வந்தபோது, உடம்பெல்லாம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பேர் கைத்தாங்கலில் கோயிலுக்குப் போய் நின்று தீர்த்தம் வாங்கினார். போகாமல் படுத்திருந்தால் ராமபத்ரன் ஓரடி முன்னால் வந்து நின்றிருப்பார், நின்றதை வழக்கம் என்றும் சொல்லியிருப்பார். ஒரு கைத் தண்ணீருக்காகவா இவ்வளவு என்று சம்பத் அப்போது நினைத்தான். அவனுக்கு வயது பதினாலு. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

விமானக் கம்பெனி வேலைக்கான உத்தரவு வந்தது அறுபத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் பரீட்சை மார்க்குப்படி சம்பத் இரண்டாவது. உடனே வந்து சேரவும் என்று போட்டிருந்தது. ராமானுஜம் அந்த 'உடனே'யைப் படித்தார், பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"நாளைக்குச் செவ்வாய், அஷ்டமி. புதன் நவமி. வியாழக்கிழமை தசமி, குரு ஓரையும் சேர்ந்து வரது. அன்னிக்குப் போய்ச் சேரு."

"உடனேன்னு போட்டிருக்குப்பா."

"பூமியில உக்காந்து பண்ற உத்தியோகமா இருந்தா நானும் சரிம்பேன். நீ ஆகாசத்துக்குப் போறவன். அஷ்டமியில ஆரம்பிச்சு நடு வானத்துல ஏதாவது ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது? ரெண்டு நாள்ல ஏரோப்ளேனெல்லாம் தீர்ந்து போயிடாது."

ஏரோப்ளேன் தீர்ந்து போகவில்லை. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, நெற்றி நிறைய நாமமும் இஸ்திரி போட்ட சட்டையுமாகச் சம்பத் கம்பெனி ஆபீசில் போய் நின்றபோது, தீர்ந்து போயிருந்தது வேறொன்று.

ஆபீசில் புதியவர்களைப் பதிவு செய்பவர் மிஸஸ் கிரேஸ். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"ரெண்டாவது ரேங்க் நீங்கதானே? உடம்பு சரியில்லையா?"

"இல்லை மேடம். நாள் நல்லாயில்லை."

மிஸஸ் கிரேஸ் பேனாவை மூடி வைத்தார். பிறகு விளக்கினார். இந்த உத்தியோகத்தில் ஒருவனுடைய சீனியாரிட்டி அவன் வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ணப்படும். ஒரே நாளில் பலர் சேர்ந்தால்தான் மார்க்கைப் பார்ப்பார்கள். பத்துப் பேர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள். பதினோராவது ஆள் புதன்கிழமை வந்தான்.

"நீங்க பன்னெண்டு."

"அதனால என்ன மேடம், எல்லாரும் ஒரே வேலைதானே?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல," என்றார் மிஸஸ் கிரேஸ். அவருக்குக் கல்நெஞ்சு இல்லை. மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

புதன்கிழமை வந்த ஆசாமியின் பெயர் செங்கல்வராயன். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில், மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவன் குப்பத்திலும் காலேஜைக் கண்ட முதல் ஆள் அவன்தான். மார்க்குப்படி அவன் ஒன்பதாவது. அவனுக்குப் போன தந்தி பழவேற்காடு தபாலாபீசில் ஒரு நாள் தூங்கிவிட்டது, காற்று பலமாக இருந்ததால் படகு போகவில்லை. கிடைத்ததும் ஓடி வந்தவன் புதன்கிழமை பட்டப்பகல் ராகு காலத்தில், முழங்கால் வரை நனைந்த பேண்டோடு வந்து கையெழுத்துப் போட்டான். அஷ்டமியும் தெரியாது, நவமியும் தெரியாது. அப்படியாக, ராகு காலத்தில் வந்தவன் குரு ஓரையில் வந்தவனுக்கு ஒரு நாள் சீனியர் ஆனான்.

ஒரு நாள் என்றால் என்ன என்று சம்பத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. முதலில் புரிந்தது ஹைதராபாத் பயிற்சியில். விமானத்தில் ஏற்றுகிற முறை வந்தபோது, பதினோரு பேரும் ஏறி இறங்கிய பிறகு அவனை அழைத்தார்கள். அதற்குள் பாதி நாள் மழை வந்துவிடும். பிறகு டக்கோட்டா விமானத்தில் கோ-பைலட் ஆனான். இடப்பக்கம் உட்காருபவர் கேப்டன். வலப்பக்கம் உட்காருபவன் கேப்டனுடைய பையைத் தூக்கி வந்து வைத்து, அவர் கேட்டதைப் படித்து, அவர் சொன்ன விசையைத் திருப்பி, அவர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பவன். சீனியாரிட்டியில் மேலே போகப் போகத்தான் இடப்பக்கத்து நாற்காலி கிடைக்கும். அதற்குக் கமாண்ட் என்று பெயர். கெட்டிக்காரனா, மக்கா என்பதெல்லாம் பரீட்சையில் தேறுகிற அளவுக்கு இருந்தால் போதும். மேலே இருக்கிறவன் ரிட்டையர் ஆக வேண்டும், அல்லது புது விமானம் வந்து எல்லாரும் ஒரு படி ஏற வேண்டும். ஆகவே கோ-பைலட்டுகள் கேப்டன்களின் உடம்பைப் பற்றி அடிக்கடி விசாரித்தார்கள். அவர்கள் விசாரித்த விதத்தில் அன்பு ரொம்ப அதிகம் என்று சொல்ல முடியாது.

பைலட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் முன் சீட்டு சீனியருக்கு. ஊர் ஊராகத் தங்கும் ஓட்டலில் ஜன்னல் வைத்த அறை சீனியருக்கு. தீபாவளிக்கு லீவு சீனியருக்கு. சாப்பாட்டில் ஒரு விதி உண்டு. இரண்டு பைலட்டுகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது, கெட்டுப்போயிருந்தால் ஒருவராவது தப்ப வேண்டும். எது வேண்டும் என்று கேப்டன் முதலில் எடுத்துக்கொள்வார். அசைவக் கேப்டன் வந்தால் சம்பத்துக்கு விருந்து. சைவக் கேப்டன் வந்தால், மிச்சமிருக்கும் கோழியைப் பார்த்துக்கொண்டே பட்டினி. இதனால் கம்பெனியில் கோழி தின்னும் கேப்டன்கள் மீது ஒரு வைஷ்ணவப் பையனுக்கு இருந்த பக்தி வேறு யாருக்கும் இருந்திருக்காது.

செங்கல்வராயன் இந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவனைப் படாத பாடு படுத்தினான்.

"இன்னா சாமி, கதவத் தொற. சீனியர் வர்றேன்ல?"

"போடா. நீ ஒன்பதாவது ரேங்க்."

"ரேங்க்கு பள்ளிக்கூடத்தோட போச்சு. தேதி இன்னா, சொல்லு. ஒரு நாளு சாமி, ஒரு நாளு! நான் பொறந்து தவழ்ந்துகினு இருந்தப்ப நீ பொறக்கவே இல்ல, அப்டி வச்சிக்கோ."

"நான் உன்னைவிட ஒரு வயசு பெரியவன் ராயா."

"அத்த உங்க ஊட்ல சொல்லு."

இந்தக் கிண்டல் இல்லாவிட்டால் சம்பத்துக்கு அந்த வருஷங்கள் இன்னும் மோசமாகப் போயிருக்கும். பன்னிரண்டு பேரில் அவனுக்கு நண்பன் என்று இருந்தவன் ராயன் ஒருவன்தான். மற்றவர்கள் மேலே இருந்தார்கள், மேலே இருப்பவர்களுக்குக் கீழே திரும்பிப் பார்க்க நேரம் ஏது? அவர்களில் யாராவது தன்னைவிட மோசமாக விமானத்தை இறக்கும்போது சம்பத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். பயணிகள் நாற்பது பேர் குலுங்கும்போது சந்தோஷப்படுகிறோமே, இது என்ன மனசு என்று பிறகு யோசிப்பான். யோசித்ததால் அடுத்த முறை சந்தோஷம் வராமல் இருந்ததில்லை.

அறுபத்தேழில் கல்யாணம். மனைவி ஸத்யபாமா திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மருமகள் யார் யாருக்கோ 'ஹலோ' சொல்கிறாள் என்று ராமானுஜத்துக்கு வருத்தம்தான். ஆனால் டிரங்க் காலுக்காக ஊர்ப் பெரிய மனிதர்கள் அவளிடம் காத்து நிற்பதைக் கேள்விப்பட்டபின் வருத்தம் பாதியாகக் குறைந்தது. சம்பத் ஒரு நாள் தன் பன்னிரண்டாம் நம்பர் சோகத்தை அவளிடம் விவரித்தபோது அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"உங்க ஏர்லைன்ஸ்ல மட்டும்தான்னு நினைச்சுண்டேளா? எங்க எக்ஸ்சேஞ்சுல ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி யாருக்குத் தெரியுமா? பாத்ரூமை ஒட்டின நாற்காலி யாருக்குத் தெரியுமா? நான் பாத்ரூம்லேர்ந்து நாலு நாற்காலி தாண்டி வந்திருக்கேன். இன்னும் ரெண்டு தாண்டினா சூப்பர்வைசர்."

"நீ எந்த நாள் சேர்ந்தே?"

"ஆர்டர் வந்த அன்னிக்குச் சாயங்காலமே. எங்கப்பாவுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது."

எழுபதாம் வருஷம் அந்த அறிவிப்பு வந்தது. இரண்டு கமாண்ட் காலி. ஒன்று மெட்ராஸில், இன்னொன்று கல்கத்தாவில். சேர்ந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஏற்கெனவே கேப்டன்கள். அடுத்த முறை ராயனுக்கு, அதற்கடுத்தது சம்பத்துக்கு. விதி எளிது. ராயன் முதலில் எடுப்பான். அவன் விட்டதைச் சம்பத் எடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் கோ-பைலட்டாகவே இருக்கலாம், ஆனால் அப்போது பின்னால் சேர்ந்த பொடியன்கள் அவனைத் தாண்டிப் போவார்கள்.

சம்பத்துக்கு மெட்ராஸ் வேண்டும். ஸத்யபாமா கல்கத்தாவுக்கு வர வேண்டுமானால் மாற்றல் கேட்க வேண்டும். கேட்டு வாங்குகிற மாற்றலில் போனவர்கள் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் கணக்கு. அதாவது, மறுபடியும் பாத்ரூம் ஓரம். அதை அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ராயனிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ராயனும் தான் எதை எடுக்கப்போகிறான் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் இருவரும் வெயிலைப் பற்றியும் இட்லியைப் பற்றியும் ரொம்ப விவரமாகப் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் கிளம்பியவர் ராமானுஜம்.

"அந்தப் பையன் ஆத்துக்கு நானே போய்க் கேக்கறேன். நாள் பார்த்தது நான். பெரியவன் வந்து கேட்டா மாட்டேன்னா சொல்லிடுவான்?"

"வேண்டாம்பா. அசிங்கம்."

"அசிங்கம் எனக்குத்தானே? நீ சும்மா கூட வா."

சம்பத் தடுத்திருக்கலாம். தடுத்தது மாதிரி ஒரு அரை நிமிஷம் பாவனை செய்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். பெரியபாளையம் வழியாகப் பஸ். வேப்பிலைக் கட்டோடு ஏறிய பக்தர்கள் கூட்டத்தில் ராமானுஜத்துக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அதை அடுத்த ஆரணியில் இறங்கி வேறு பஸ், பொன்னேரியில் இறங்கி இன்னொன்று, பழவேற்காட்டில் படகு. பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கௌரவமாக முன்பக்கம் போய் உட்கார்ந்தார். படகுக்காரர் துளசிராமன் ஒரே பார்வையில் அவரை எடை போட்டார்.

"சாமி, நீங்க கனம். நடுவுல குந்துங்க. அந்தக் கருவாட்டுக் கூடைய அப்டியே புடிச்சிக்கோங்க."

மூன்றாம் தீர்த்தக்காரர் நடுவில், கருவாட்டுக் கூடையை அணைத்தபடி ஏரியைக் கடந்தார்.

ராயனுடைய அம்மா கங்கம்மாள் வீட்டுக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டு எல்லம்மாளை உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் தன்னுடைய கூடை வைக்கும் இடத்தில் அவள் கூடையை வைத்துவிட்டாளாம். "எங்க மாமியா காலத்துலேர்ந்து அது என் எடம்டீ!" என்று முடித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தாள். ராயன் லுங்கியோடு உள்ளிருந்து ஓடி வந்தான். சம்பத்தைக் கண்டதும் அவன் முகத்தில் எல்லாம் புரிந்துபோனது. சம்பத் ஏரியைப் பார்த்தான்.

"ஐயரே, தண்ணி குடிப்பியா? வாணாம், உனுக்கு ஆவாது. டேய் ராயா, சோடா வாங்கியா."

கோலி சோடா வந்தது. ராமானுஜம் அதை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கோயில், கோஷ்டி, மூன்றாவது தீர்த்தம், மூன்று தலைமுறை. பிறகு விஷயத்துக்கு வந்தார். தன் பிள்ளை பரீட்சையில் இரண்டாவது. தான் பஞ்சாங்கம் பார்த்ததால் ஒரு நாள் பின்னால் போய்விட்டான். தப்பு தன்னுடையது. மெட்ராஸை விட்டுக்கொடுத்தால் புண்ணியம்.

முப்பது வருஷமாக ராமபத்ரனுக்கு ஓரடி விடாத மனுஷன் இன்னொருவர் வாசலில் நின்று இடம் கேட்டதைச் சம்பத் முதல் தடவையாகப் பார்த்தான். அவனுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதே நேரம் ராயன் சரி என்று சொல்லிவிட மாட்டானா என்றும் இருந்தது.

கங்கம்மாள் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கயும் அதே ரவுசுதான் சாமி. ஏரியில எல்லா எடத்துலயும் மீனு ஒரே மாறி கெடைக்காது. அதனால பாடுன்னு வச்சிருக்கோம். சீட்டுப் போட்டு, இன்னிக்கு நல்ல எடம் ஒரு கும்பலுக்கு, நாளிக்கு வேற கும்பலுக்குன்னு சுத்தி வரும். எவன் ஊட்லயாவது கண்ணாலம், கருமாதின்னா மொறைய மாத்திக்குவோம். மாத்தறது ஒண்ணும் தப்பு இல்ல."

ராமானுஜத்தின் முகம் மலர்ந்தது. "அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

"இரு சாமி. சும்மா மாத்த மாட்டோம். எம் மொறைய நீ எடுத்தா, உம் மொறைய எனுக்குக் குடுக்கணும்."

"என்ன வேணும்னாலும் கேளுங்கோ."

"நீ இன்னாவோ கோயில்ல மூணாவது ஆளுன்னியே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த மூணாவது எடத்துல எம் புள்ளய நிக்க வையி. அவன் ஒரு நாளு அங்க நிக்கட்டும், உம் புள்ள அந்த ஒரு நாள இங்க எடுத்துக்கட்டும். சரியாப் பூடும்."

"யம்மா!" என்றான் ராயன்.

"இன்னாடா யம்மா? மாத்துன்னா மாத்துதான். நான் இன்னா கருவாடா கேட்டேன்?"

எல்லம்மாள் தன் வாசலிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். இடத் தகராறில் எதிரியாக இருந்தாலும் இந்த இடத்தில் அவள் கங்கம்மாள் கட்சி.

ராமானுஜம் சோடா பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தார். கோபப்படுவார் என்று சம்பத் எதிர்பார்த்தான். கோபம் வந்திருந்தால் எல்லாருக்கும் சுலபமாகப் போயிருக்கும். அவர் நிஜமாகவே யோசித்தார். ராயன் அங்கே நிற்பதையும், தனக்குப் பின்னால் ராமபத்ரன் நிற்பதையும், ஊர் நிற்பதையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார் போலிருக்கிறது. நெற்றி வியர்த்து நாமம் கரைந்தது.

"அது என் கையில இல்லைம்மா," என்றார் கடைசியில். "பரம்பரையா வரது. மாத்தறதுக்கு நான் யாரு?"

"அத்தான் சாமி நானும் சொல்றேன்," என்றான் ராயன் மெதுவாக. "இது கம்பெனி ரூலு. மாத்தறதுக்கு நான் யாரு?"

"ஆக, ரெண்டு பேரும் யாரும் இல்ல," என்றாள் கங்கம்மாள். "சோடாவ ஒட சாமி. சூடு ஆயிடப் போவுது."

திரும்பும்போது படகில் அப்பா, யாரும் சொல்லாமலே, நடுவில் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனார், மூன்றாவதாக நின்றார், தீர்த்தம் வாங்கினார். அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மாறவில்லை. இவரைப்போல நான் இல்லை என்று சொல்லிக்கொள்ளச் சம்பத்துக்கு ஆசைதான். ஆனால் ராயன் ஒரு தலையசைப்பில் மெட்ராஸைக் கொடுத்திருந்தால் அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் வந்திருப்பான். அப்பாவாவது யோசித்துப் பார்த்தார்.

நடந்ததைக் கேட்ட ஸத்யபாமா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:

"கல்கத்தாதான் கிடைக்கும்னா என்ன பண்ணப் போறேள்?"

"தெரியலை. நீ வருவியா?"

"மாட்டேன்." அவள் பதிலை ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்தாள் என்று தெரிந்தது. "உங்கப்பா நாள் பார்த்ததுக்கு நீங்க ஆறு வருஷம் அழுதேள். உங்களுக்காக நான் பாத்ரூம் ஓரத்துக்குப் போய் அழணுமா? போகாதேங்கோன்னும் நான் சொல்லலை. உங்க நாற்காலி உங்களுக்கு, என் நாற்காலி எனக்கு."

"அப்போ நம்ம குடித்தனம்?"

"ப்ளேன் உங்க கையிலதானே இருக்கு? வந்து வந்து போங்கோ."

தேர்வு சொல்லும் நாளில் மிஸஸ் கிரேஸின் அறைக்கு முதலில் ராயன் போனான். சம்பத் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராயன் கல்கத்தா என்று சொல்லிவிடுவான், பழகின பழக்கத்துக்காகச் சொல்லிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை கதவு திறக்கும்வரை இருந்தது. ராயன் வெளியே வந்தான்.

"மெட்ராஸ் போட்டேன் சாமி."

"ம்."

"அம்மா ஏரிய உட்டு வராது. உனுக்கே தெரியும்."

"தெரியும்."

உள்ளே போனான். மிஸஸ் கிரேஸுக்குத் தலை நரைத்திருந்தது. "கல்கத்தாவா, இல்ல வெயிட் பண்றீங்களா?" என்று கேட்டார். இன்னொரு முறை காத்திருந்தால், நேற்று மீசை முளைத்தவனுடைய பையைத் தூக்க வேண்டி வரும். சம்பத் கல்கத்தாவில் கையெழுத்துப் போட்டான். அன்று என்ன திதி என்று அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வித்தியாசம் இல்லை.

கல்கத்தாவில் கேப்டன் சம்பத்குமார் அகர்தலாவுக்கும் ஜோர்ஹாட்டுக்கும் மழைக்குள் புகுந்து பறந்தான். இடப்பக்கத்து நாற்காலி அவன் கற்பனை செய்ததைவிட நன்றாகவே இருந்தது. பக்கத்தில் உட்காருகிற பையன்கள் அவன் ஜோக்குக்குச் சிரித்தார்கள். முதல் மாசம் அவர்கள் நிஜமாகவே சிரிக்கிறார்கள் என்று நினைத்தான். சோற்றில் கடுகெண்ணெய் வாசனை அடித்தது. கேப்டன்கள் வரிசையில் மறுபடியும் அவன்தான் கடைசி, ஆகவே தீபாவளிக்கு லீவு வேறு யாருக்கோ. எல்லாரும் வெடித்து முடித்து, ஊர் புகை அடங்கிய பிறகு, நாலாம் நாள் அவனுக்கு விட்டார்கள்.

கம்பெனி ஆட்களுக்கு விமானத்தில் இலவச இடம் உண்டு, இடம் மிச்சமிருந்தால். அந்த மிச்சத்தையும் சேர்ந்த தேதிப்படிதான் கொடுப்பார்கள். டம்டம் விமான நிலையத்தில் மெட்ராஸ் விமானத்துக்காகச் சம்பத் பையோடு நின்றான். கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர், ஐம்பத்தெட்டில் சேர்ந்தவர், மனைவி, மாமியார், மூன்று குழந்தைகளோடு அவனுக்கு முன்னால் போனார். கடைசி இடம் அவருடைய மாமியாருக்குப் போயிற்று. கவுண்டரில் இருந்த பையன் கையை விரித்தான்.

"சாரி கேப்டன். நாளைக்கு வாங்க."

ஸத்யபாமா அன்று சாயங்காலம் வரச்சொல்லி, லீவு எடுத்து உட்கார்ந்திருந்தாள். சம்பத் என்ன செய்வதென்று தெரியாமல் விமானத்தைப் பார்த்தபடி நின்றான். விமானத்திலிருந்து படியிறங்கி வந்த கேப்டன், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவனை நோக்கி நேராக வந்தான்.

"இன்னா சாமி, நட்டு வச்ச மாறி நிக்கிற?"

"இடம் இல்லைடா."

"எவன் சொன்னது? எம் முதுகுக்குப் பின்னால மடக்கற சீட்டு ஒண்ணு இருக்குது. அது கேப்டன் இஷ்டம். யாரு அங்க கேப்டன்? நானு. ஏறு."

அந்த மடக்கு நாற்காலி ஒரு முறத்தின் அகலம்தான் இருக்கும். முழங்கால் தாடையில் இடித்தது. முன்னால் இடப்பக்கம் ராயன், வலப்பக்கம் புதுக் கோ-பைலட். இரண்டு கேப்டன்களை ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் போட மாட்டார்கள். கோ-பைலட்டுகளையும் அப்படித்தான். ராயனும் அவனும் ஒரே அறைக்குள் பறப்பது இதுதான் முதல் தடவை. புவனேஸ்வர் வரை வெயிலைப் பற்றிப் பேசினார்கள், விசாகப்பட்டினம் வரை இட்லியைப் பற்றி. கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கும்போது சம்பத் சொன்னான்:

"அன்னிக்கு நீ விட்டுக்குடுப்பேன்னு நினைச்சேன் ராயா."

ராயன் திரும்பவில்லை. "தெரியும். பெஞ்சில நீ குந்தியிருந்த இருப்பே சொல்லிச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு ராவு தூங்கல சாமி. குடுத்தா நல்லவன்னு பேரு வரும், மெட்ராஸ் பூடும். குடுக்காட்டி மெட்ராஸ் வரும், பேரு பூடும். பேர வச்சிகினு இன்னா பண்றது, அதுல கொழம்பா வைக்க முடியும்? போனாப் போவுதுன்னு உட்டுட்டேன்."

கோ-பைலட் பையன் காது கேட்காதவன் போல ஜன்னலுக்கு வெளியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் மேகம். சம்பத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. முதுகு குலுங்கியதில் மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது. கோபம் போய்விட்டதா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. சிரிக்கும்போதும் அது அங்கேதான் இருந்தது, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருந்தது.

"சிரிச்சது போதும்," என்றான் ராயன். "பெல்ட்ட இழுத்துக் கட்டு. மெட்ராஸ் வந்துட்ச்சு, எறங்கப் போறேன்."

சம்பத் கட்டிக்கொண்டான்.